சத்தமில்லாத பம்ப்

ஜூலை 28, திங்கள்

சுலோச்சனா இன்று என் மீன் தொட்டிக்குக் கெடு வைத்துவிட்டாள்.

"ஆடி முடிஞ்சதும் நம்ம மிதுனா வந்துருவா. தலைப்பிரசவம். பச்சப்புள்ளய இந்த வீட்லதான் படுக்க வெக்கோணும். அதுக்குள்ள ங்ஙொய்யுன்னு எரையற அந்தப் பம்ப நிறுத்துங்க. இல்லீன்னா தொட்டிய வாங்குன கடைக்கே குடுத்துருங்க" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். கட்டிய நாளாய்ப் பார்க்கிறேன், இவள் கத்தினால் பயமில்லை. வேலை செய்துகொண்டே மெதுவாகச் சொன்னால்தான் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

அது நாலடித் தொட்டி, உப்புத் தண்ணீர். மில் மெயின்டனன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மறுமாதம் வாங்கியது. உள்ளே பண்ணையில் வளர்த்த மென்பவளங்களும், காளான் காளானாய் விரிகிற சிலதும், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்களும் இருக்கின்றன. தண்ணீர் குழாய் வழியாகக் கீழ் அலமாரியில் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கிச் சுத்தமாகும். அதை மறுபடி மேலே ஏற்றுவதுதான் ரிட்டர்ன் பம்ப். அது நின்றால் எல்லாம் மூச்சுத் திணறும். மனிதனுக்கு இதயம் என்ன செய்கிறதோ அதையேதான் இது செய்கிறது. அதைப் போய் நிறுத்து என்கிறாள்.

பம்ப் இரைவது நிஜம்தான். அலமாரிக் கதவில் கை வைத்தால் அதிர்கிறது. ஆனால் ஸ்பின்னிங் மில்லில் காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?

ஜூலை 31, வியாழன்

குக்கர் கெட்டுவிட்டது. பருப்பு அடிப்பிடித்த நாற்றம் வந்து, சுலோச்சனா மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "இத்தன விசில் வந்துருக்குது, எனக்கு மாடிக்குக் கேக்குது. நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?" என்றாள். வெயிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். துவாரத்தில் அடைப்பில்லை. இருந்தாலும் புதிது வாங்கிப் போட்டேன். சந்தேகம் வந்த பாகத்தை மாற்றிவிட வேண்டும், அது மில் பழக்கம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு நாளாகப் பம்ப் பற்றித்தான் படிக்கிறேன். பழைய பம்புக்கு ஒரே வேகம். வால்வைத் திருகி அடக்கலாம், ஆனால் அது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக் போடுகிற வேலை. இப்போது வருவது டிசி மோட்டார். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு கன்ட்ரோலர், அதில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றலாம், இறக்கலாம். மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களுக்கு வேகக் கட்டுப்பாடு வந்தபோது முதலில் மாட்டியவன் நான். எனக்கு இது புதிதில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பக்கூடாது. அது மேட்டில் ஏற்றாமல் அளந்தது. நாலடி உயரம் ஏற்றி, இரண்டு வளைவில் திரும்பினால் பாதிதான் தேறும். ஆகவே தேவைக்குமேல் பெரிதாக வாங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் மோட்டாருக்கும் சுகம், காதுக்கும் சுகம். கரன்ட் போய் வந்தால் தானாகப் பழைய வேகத்திலேயே ஓட வேண்டும். கீழே தண்ணீர் குறைந்தால் பீப் அடித்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு பட்டன் ஒன்றும் வேண்டும். அதை அமுக்கினால் பம்ப் பத்து நிமிடம் நின்று, மீன் சாப்பிட்டதும் தானே கிளம்பும்.

மிதுனா ஓசூரிலிருந்து பேசினாள். சிக்னல் சரியில்லை, முணுமுணு என்றே கேட்டது. போனை மாற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

உக்கடம் பக்கம் ஜெரோம் கடைக்குப் போனேன். வாளித் தண்ணீரில் மூன்று பம்புகளை ஓடவிட்டுக் காட்டினான். நான் பையிலிருந்து என் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் உள்ளே பேரிங் என்ன பேசுகிறது என்று தெரிந்துவிடும். மில்லில் எந்த மெஷின் எந்த வாரம் மக்கர் பண்ணும் என்று இதை வைத்தே சொல்வேன். என் காதுக்கு ஒரு பேரே உண்டு.

முதல் பம்ப் உறுமியது. இரண்டாவதில் ஒரு கடகடப்பு. மூன்றாவதில் ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை.

"இதுதான்" என்றேன்.

ஜெரோம் தலையைச் சொறிந்தான். "சார், அது வேகம் ஏத்துனா லேசா விசிலடிக்குமுங்க. மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற காயில் கம்பி போடற சத்தம். ரெண்டாவதே எடுத்துக்கங்க, அந்தக் கடகடப்பு ஓட ஓட அடங்கிரும்."

"எங்கப்பா விசில்?"

"சில பேருக்கு அது கேக்காதுங்க சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தேங்கிப்போன சரக்கைத் தள்ளப் பார்க்கிறான். நானா ஏமாறுவேன்? மூன்றாவதையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. அலமாரியில் கை வைத்தால் அதிர்வே இல்லை. வேகத்தை ஏற்றிக்கொண்டே போனேன், அப்போதும் மூச்சுக்காட்டவில்லை. அப்படியென்றால் ஏன் குறைவாக ஓட்ட வேண்டும்? உச்சத்துக்கு ஒரு படி கீழே வைத்தேன். பவளங்கள் கை விரித்தது மாதிரி நின்றன. சந்தோஷமாக இருந்தது.

சுலோச்சனா வாசற்படியிலேயே நின்றாள். "அந்த ங்ஙொய் போயிருச்சு. ஆனா கீன்னு இன்னொண்ணு கேக்குதுங்களே?"

"பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரா இருக்கும்" என்றேன். என்னவோ சொல்ல வந்தாள். சொல்லாமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது, மிதுனா வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினார். ஹாலில் கால் வைத்ததுமே மிதுனா முகத்தைச் சுளித்தாள். "அம்மா, என்னமோ கீன்னு கத்துது?"

சுலோச்சனா அவளைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள். தாயும் மகளும் கண்ணாலேயே ஒரு கூட்டம் போட்டு முடித்துவிட்டார்கள்.

நான் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்து சுத்தம் செய்தேன். டியூப் லைட்டின் சோக்கை மாற்றினேன். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் கேட்கிறது என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் காது கூர்மையாக இருக்கும் போல. சுலோச்சனாவுக்கு என்னவாம்?

ஆகஸ்ட் 25, திங்கள்

காலிங் பெல்லுக்குப் புது பேட்டரி போட்டேன். நாலு தடவை அடித்தேன் என்று கூரியர்காரன் சாதிக்கிறான். இந்த வீட்டில் எல்லாம் ஒரே சமயத்தில் பழுதாகிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெண் குழந்தை. இருவரும் நலம். நான் அப்புச்சி ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்குக் காது சோதித்தார்கள். இப்போது பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிறார்களாம். தூங்குகிறவளின் காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்தார்கள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. "ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"எங்க பரம்பரையே அப்படித்தாம்மா" என்றேன்.

மிதுனா கட்டிலில் படுத்தபடி, "அப்பா, நீங்களும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கலாமில்ல, இங்கயே இருக்குது" என்றாள். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. பெற்றுப் பிழைத்துப் படுத்திருக்கிற பெண்ணிடம் கத்திவிட்டேன். நர்ஸ் வந்து, "சார், மெதுவாப் பேசுங்க" என்றாள். நான் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாப்பா வீட்டுக்கு வந்தாள். ஹாலில் தூளி கட்டினேன். கொக்கி, கயிறு, முடிச்சு எல்லாம் மூன்று ஆள் தொங்கினாலும் தாங்கும். தொட்டிக்கு நேராகவே கட்டியிருக்கிறேன். பெரியவளானால் மீன் பார்த்துக்கொண்டே தூங்கலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாப்பா தூளியில் தரிப்பதில்லை. போட்டதும் முகம் சுருங்கி அழுகிறாள். வசம்பு, ஓமத்தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

ஒரு விசித்திரம். மீனுக்குச் சாப்பாடு போட நான் பட்டனை அமுக்கிப் பம்ப் நின்றதும் அழுகையை நிறுத்திவிடுகிறாள். பம்ப் கிளம்பியதும் மறுபடி தொடங்குகிறாள். மூன்று நாளாகப் பார்க்கிறேன். மீன்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். "பொறந்து பத்து நாள்தான் ஆச்சு. கண்ணே தெரியாதுங்க" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

பம்ப் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மிதுனா கேட்டாள். கெஞ்சுகிற மாதிரி கேட்டதால் அவள் கண்முன்னால் பாதிக்கு இறக்கினேன். அவள் குளிக்கப் போனதும் ஏற்றிவிட்டேன். சத்தமே போடாத பம்பை எதற்காகத் தண்டிப்பது? பவளத்துக்கு ஓட்டம் வேண்டாமா?

சாயங்காலம் பார்த்தால் தூளியைப் பின்கட்டு அறைக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் பாப்பா நன்றாகத் தூங்குகிறாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிச்சும் சரியில்லை, போய் அவிழ்த்து நான் கட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, சனி

கீழ்த்தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியாததை எழுதிவிடுகிறேன்.

சுலோச்சனா நாட்டுமருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மிதுனா பாப்பாவுக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு வந்தாள். "அப்பா, தலைக்கு ஊத்தீட்டு வந்தர்றேன். பாப்பாவப் பாத்துக்கறீங்களா? எதுத்த வீட்டு டீச்சர வேணும்னா வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? நான் இல்லையா? போ கண்ணு."

"கதவத் தெறந்து வெக்கட்டுமாப்பா?"

"கொசு வரும். சாத்தீட்டுப் போ."

அவள் சாத்திவிட்டுப் போனாள். நான் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை, ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பம்பின் குழாயில் வைத்துக் காதில் அழுத்திக்கொண்டேன். அருமையான ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டு அதையே ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

யாரோ என்னை இடித்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணைத் திறந்தால் மிதுனா. தலையில் சீயக்காய் நுரை, ஈர நைட்டி, தரையெல்லாம் தண்ணீர். அவள் பின்னால் நானும் ஓடினேன். பாப்பா பால் கக்கியிருந்தாள். மூக்கெல்லாம் பால். அழுது அழுது முகம் கறுத்து, வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மிதுனா தூக்கிக் கவிழ்த்து முதுகைத் தட்டினாள். நான் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. உலகத்தில் எதுவும் ஓடவில்லை.

பிறகு பாப்பா வீறிட்டாள். அது எனக்குக் கேட்டது.

வாசலில் எதிர்வீட்டு சகாயமேரி டீச்சர் நின்றார். "எவ்வளவு நேரமா பெல்லடிக்கறேன் சார்! புள்ள கத்தறது தெரு வரைக்கும் கேக்குது. பயந்துட்டேன்."

புது பேட்டரி போட்ட பெல்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்த மிதுனா, "அது வேற கத்தீட்டே இருக்குது. அத நிறுத்துங்கப்பா" என்றாள். எது என்று கேட்டேன். கன்ட்ரோலரைக் காட்டினாள். தண்ணீர் குறைந்ததற்கான சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் காதோடு ஒட்டி வைத்தேன். ஒன்றுமில்லை. விரலை வைத்தேன். உள்ளே ஏதோ துடிப்பது விரலுக்குத் தெரிந்தது.

இவ்வளவு நேரமும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. பயந்துபோனேன். மில்லில் பெல்ட் அறுந்து தலைக்குமேல் பறந்த அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை.

சுலோச்சனா வந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு மூணு வருசமாத் தெரியுமுங்க. ரெண்டு தடவ கூப்புட்டுப் பாப்பேன். மூணாவது தடவ எதுக்கால வந்து நின்னுதான் பேசுவேன். உங்க காதப் பத்தி நீங்க அத்தன பெருமயாச் சொல்லுவீங்க. எப்படிச் சொல்றது?"

மிதுனா இன்று முழுக்கப் பாப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. நான் கை நீட்டியபோது, "இப்பத்தான் தூங்குனாப்பா" என்றாள். பாப்பா தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

காது டாக்டரிடம் போனேன். சுலோச்சனாவும் கூட வந்தாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முதலில் சில கேட்டன. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், "மிஷின் ஓடுதாம்மா?" என்று சைகையில் கேட்டேன். ஓடுகிறது என்று தலையாட்டினாள். சுலோச்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே இறங்கியது. "மில்லுங்களா?" என்றார். "காதுல பஞ்சு வெச்சிருப்பீங்களே?"

வைத்தோம். காலடியில் கிடக்கிற பஞ்சைத் திரித்து வைத்துக்கொள்வோம். மில்லில் கொடுத்த காதடைப்பான் போட்டால் பேரிங் சத்தம் கேட்காது என்று நான்தான் பையன்களுக்கும் சொன்னேன்.

"பஞ்சு எதையும் தடுக்காதுங்க. கீச்சுச் சத்தமும் மெல்லிய சத்தமும்தான் மொதல்ல போகும். அதிர்வெல்லாம் தெரியும், அதனால நல்லாக் கேக்குதுன்னு நெனச்சுக்குவோம்" என்றார். ஜெரோமின் வாளியில் ஓடிய மூன்றாவது பம்ப் ஞாபகம் வந்தது. இருக்கிறதிலேயே கத்துகிற பம்பை, சத்தமில்லாத பம்ப் என்று தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காதுக் கருவி வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். டப்பாவை டிவி மேல் வைத்திருக்கிறேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாப்பாவை இன்னும் என் கையில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வழக்கம்போல் என் ஸ்பேனர், கட்டிங் பிளையர், நீள ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கினேன். சுலோச்சனா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பம்ப் கன்ட்ரோலருக்கும் ஒரு பொட்டு. சூடம் காட்டும்போதுதான் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் காதுக் கருவி டப்பா இருந்தது. அதன் மூடியிலும் சந்தனப் பொட்டு.

"இதெதுக்கு?" என்றேன்.

"ஆயுதம்தானே?" என்றாள். பொரியும் சுண்டலும் அள்ளி என் கையில் வைத்தாள். "பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரத்துல எடுத்துப் போட்டுக்குங்க."

இனி நான் எங்கே சாக்குச் சொல்வது?

அக்டோபர் 2, வியாழன்

காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, டப்பாவைத் திறந்தேன். மிதுனாதான் மாட்டிவிட்டாள். நாலு வயசில் இதே நாளில் அவள் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தவன் நான். இன்று அவள் என் காதைப் பிடித்துக்கொண்டு, "ஆடாம இருங்கப்பா" என்றாள்.

முதலில் என் சட்டை உரசுகிற சத்தம். அப்புறம் சுலோச்சனாவின் வளையல். ஹாலுக்கு வந்தேன். கீ என்று ஒரு ஊசிச் சத்தம், பல்லைக் கூசவைத்தது. எங்கிருந்து என்று யாரையும் கேட்கவில்லை. நேராக அலமாரிக் கதவைத் திறந்தேன்.

இதற்குப் பக்கத்திலா எட்டு நாள் அந்தப் பச்சைக் குழந்தையைப் போட்டேன்? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மிதுனா, இங்க வா சாமி. இன்னிக்கு உன் காதுதான் எனக்கு வேணும்" என்றேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். அவள் "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிக்கும் கீழே போனதும் "இப்ப இல்லப்பா" என்றாள். எனக்கும் இல்லை. தண்ணீர் அப்போதும் போதுமான அளவு ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் கடைக்குப் போய் அந்த இரண்டாவது பம்பையே கேட்கப்போகிறேன். மிதுனா கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் வாங்குவேன்.

அவள் குளிக்கப் போனாள். பாப்பா பின்கட்டுத் தூளியில் தூங்கினாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

நான் சாப்பாட்டு பட்டனை அமுக்கினேன். பம்ப் நின்றது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து காத்திருந்தன. இது அவற்றின் சாப்பாட்டு நேரம் இல்லை. ஃபேன் சுற்றுவது கேட்டது, தெருவில் யாரோ மாவுக்கோலம் போட்டுவிட்டு வாளியைத் தூக்குவது கேட்டது. அதற்கும் உள்ளே, பின்கட்டில், தூளித் துணி லேசாக அசைந்தது. ஒரு சின்ன மூச்சு. இன்னொன்று.

பிறகு ஒரு சிணுங்கல். இன்னும் அழுகையாகவில்லை.

சுலோச்சனா அடுப்படியிலிருந்து அவசரமாக எட்டிப் பார்த்தாள். என்னிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் எழுந்து பாதி தூரம் போயிருந்தேன்.